ஏரி பார்த்த வீடு: மிட்-செஞ்சுரி பாணியில் இன்று கட்டுவதென்றால்

இந்தப் படத்தை நீங்களும் எங்காவது சேமித்து வைத்திருப்பீர்கள். நீளவாக்கில் தாழ்ந்து கிடக்கும் ஒரு வீடு. தட்டைக் கூரை. தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி. உள்ளே மஞ்சள் விளக்கு, தோல் தைத்த சாய்வு நாற்காலி, கணப்பு. முன்னால் அலையே இல்லாத ஏரி. வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சம்.

படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். வெளியே, ஏரிப் பக்கம் நின்று. அதே நிமிடத்தில் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏரி தெரியாது. வெளியே இருட்டி, உள்ளே விளக்கெரிந்தால் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். ராத்திரி ரயிலில் ஏசி பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்: நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, இரண்டு கையாலும் பக்கவாட்டை மறைத்தால்தான் வெளியே ஏதாவது புலப்படும்.

இந்தப் பாணிக்கே முகவரியாகிவிட்ட ஒரு புகைப்படம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் குன்றின் மேல் பியர் கோனிக் வடிவமைத்த ஸ்டால் வீடு. கண்ணாடி மூலையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் காலடியில் நகரத்து விளக்குகள். 1960-இல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்தது. நகர வெளிச்சம் பதிவதற்காக லென்ஸை ஏழு நிமிடம் திறந்து வைத்திருந்து, கடைசியில்தான் உள்ளே ஃப்ளாஷைத் தட்டினார். வீட்டு வெளிச்சமும் ஊர் வெளிச்சமும் ஒரே ஃபிலிமில் தனித்தனியாகப் பதிந்தவை.

இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு வீடு கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியில் தொடங்குகிறார்கள். நான் கூரையின் ஓரத்தில் தொடங்கச் சொல்வேன். அதற்கும் முன்னால், தண்ணீரில்.

பெயரும் எலும்பும்

மிட்-செஞ்சுரி மாடர்ன் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தோராயமாக 1945 முதல் 1960களின் இறுதிவரை, முக்கியமாக அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஓங்கியிருந்த கட்டடப் பாணி. போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். குடியிருக்க வீடு போதவில்லை. போருக்காக எஃகும் அலுமினியமும் ஒட்டுப்பலகையும் செய்து பழகிய தொழிற்சாலைகள் அடுத்து என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர்களில் ஒருவர் ஜான் என்டென்சா. அவர் நடத்திய 'ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்' பத்திரிகை 1945-இல் 'கேஸ் ஸ்டடி ஹவுஸ்' திட்டத்தை அறிவித்தது: புதிய பொருள்களில், சாதாரணக் குடும்பம் வாழக்கூடிய மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டுவது. 1966 வரை அது நடந்தது. சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1949-இல் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடு அந்தத் திட்டத்தின் எட்டாம் எண் வீடு. தொழிற்சாலைப் பட்டியலில் கிடைத்த எஃகுச் சட்டங்களையும் ஜன்னல்களையும் கொண்டு எழுப்பியது. ஜோசப் ஐக்லர் என்ற வீட்டு வணிகர் கலிஃபோர்னியாவில் இதே பாணியில் ஏறத்தாழ 11,000 வீடுகளைக் கட்டி விற்றார்.

நடுத்தரக் குடும்பத்துக்கு என்று பிறந்த பாணி இன்று பணக்காரர்களின் ஏரிக்கரை விடுமுறை வீட்டுக்கு அடையாளமாகிவிட்டது. அந்த முரணை ஒரு பெருமூச்சோடு கடந்துவிடலாம்.

இந்த வீடுகளின் எலும்பு எளிது. சுவர் கூரையைத் தாங்காது. தூணும் உத்தரமும் தாங்கும். நமக்கு இது புதிதில்லை. இன்று நம் ஊரில் பில்லர், பீம் போட்டுக் கட்டும் எந்த வீட்டுக்கும் இதே எலும்புதான். நாம் தூண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் செங்கல் வைத்து அடைக்கிறோம். அவர்கள் கண்ணாடி வைத்தார்கள். சுவருக்குச் சுமை இல்லை என்றானதும் மற்றவை தானாகத் தொடர்ந்தன: அறைகளுக்கு நடுவே சுவர் குறைந்தது, உள்ளே போட்ட தளக்கல் அப்படியே வெளியே தாழ்வாரம்வரை நீண்டது, உத்தரம் கண்ணாடியைத் தாண்டி வெளியே தலை நீட்டியது.

தண்ணீருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்

தமிழில் வீடு 'பார்க்கும்'. கிழக்கு பார்த்த வீடு, தெரு பார்த்த வீடு என்கிறோம். ஏரி பார்த்த வீட்டுக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். 15,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள மாநிலம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும். கோடையில் கொசு அரிக்கும். இந்தப் பாணியின் நல்லது கெட்டது இரண்டும் அங்கே பளிச்சென்று தெரியும். (நம் ஊர் ஏரி வேறு விஷயம். அது பாசனத்துக்காகக் கரை கட்டித் தேக்கிய நீர். அதன் கரையும் நீர்ப்பிடிப்பும் யாருடைய மனையும் அல்ல. 'லேக் வியூ' என்று விளம்பரம் பார்த்தால் முதலில் பழைய வருவாய் வரைபடத்தைப் பாருங்கள்.)

பக்கத்து மாநிலமான இல்லினாயில், பிளானோ என்ற ஊருக்கு அருகில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு இருக்கிறது. ஏரி இல்லை, ஆறுதான். ஆனால் நீர்க்கரையில் கண்ணாடி வீடு கட்ட நினைக்கிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற மருத்துவருக்காக மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951-இல் முடித்தார். வெள்ளை வண்ணம் பூசிய எட்டு எஃகுத் தூண்கள், நடுவில் மிதப்பதுபோல் ஒரு தரை, ஒரு கூரை, சுற்றிலும் கண்ணாடி. வெள்ளம் வரும் இடம் என்று மீஸுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று விசாரித்து, தரையை ஐந்தேகால் அடி உயரத்தில் வைத்தார்.

மூன்றே ஆண்டில், 1954-இல், வெள்ளம் அதையும் தாண்டி உள்ளே வந்தது. 1996-இல் வந்தபோது கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. 2008-இல் மறுபடியும். மீஸ் கணக்குப் போடாமல் இல்லை. ஆறுதான் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. ஆற்றின் மேல்பகுதியில் ஊர்கள் பெருகின. மண்ணாக இருந்த இடம் சாலையும் வாகன நிறுத்தமும் ஆனது. மழை நீர் முன்னைப்போல் பூமிக்குள் இறங்காமல் ஆற்றுக்கு ஓடியது. ஆகவே இன்று கட்டுகிறவருக்கு நேற்றைய உச்ச வெள்ள அளவு போதாது. அதற்கு மேல் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

தூரத்தைப் பொறுத்தவரை விஸ்கான்சின் விதி தெளிவானது: ஏரியின் வழக்கமான உயர்நீர்க் கோட்டிலிருந்து குறைந்தது 75 அடி தள்ளித்தான் வீடு. அதில் தண்ணீரை ஒட்டிய 35 அடிக்கு மரம், புதர், புல் எல்லாவற்றையும் இயற்கையாக விட்டுவைக்க வேண்டும். நீரைப் பார்க்கவும் படகுத்துறைக்குப் போகவும் மட்டும் ஓர் இடைவெளி திறந்துகொள்ளலாம். முதல்முறை கேட்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய மனையில் முன்பக்கம் முழுக்க மரமா? ஆனால் அந்த 35 அடி இல்லாவிட்டால் உங்கள் புல்வெளியின் உரமும் மண்ணும் மழையோடு ஏரிக்குப் போகும்; சில கோடைகளில் ஏரி பச்சைப் பாசியாகும். அப்புறம் எதைப் பார்ப்பது?

இன்னொன்று: கழிவுநீர். ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்கரை மனைகளில் பாதாளச் சாக்கடை இருக்காது. செப்டிக் டேங்கும் அதன் நீரை மண்ணில் இறக்கும் வடிகால் நிலமும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அது ஏரியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, நிலத்தடி நீருக்கு மேலே இருந்தாக வேண்டும். சின்ன மனையில் அந்த ஒன்றே வீடு எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிடும். வரைபடம் போடுமுன் மண் பரிசோதனைக்காரரைக் கூப்பிடுங்கள்.

கூரையின் ஓரம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டின் நீண்ட பக்கங்களில் கூரை கண்ணாடியைத் தாண்டி நிழல் தரும் அளவுக்கு நீளாது. கோடை வெயிலைத் தடுக்கத் திரைச்சீலையும், தெற்கே நின்ற ஒரு பெரிய மேப்பிள் மரமும்தான் இருந்தன. வாசலைத் தவிரத் திறக்கக்கூடியவை, கிழக்கு ஓரத்தில் தாழ்வாக இரண்டு சின்ன ஜன்னல்கள் மட்டும். கோடையில் வெந்தது; குளிரில் கண்ணாடி வியர்த்து நீர் வடிந்தது. கொசுவுக்காக அந்த அம்மா தாழ்வாரத்துக்கு வலை அடித்தார். அழகியல்காரர்கள் முகம் சுளித்தார்கள். நான் அந்த அம்மா பக்கம்.

கூரை எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதை ஒரு பென்சிலும் தாளும் கொண்டு கணக்கிடலாம். விஸ்கான்சினின் தலைநகர் மேடிசன் வட அட்சம் 43 பாகையில் இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் அங்கே சூரியன் தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 70 பாகை. டிசம்பர் 21 நண்பகலில் 23 பாகைதான். தெற்கு பார்த்த கண்ணாடிக்கு மேல் கூரையை 1 அடி வெளியே நீட்டினால், ஜூனில் அதன் நிழல் கீழே ஏறத்தாழ 2.8 அடி விழும். அதே 1 அடி, டிசம்பரில் 5 அங்குல நிழலைத்தான் போடும்.

எட்டடி உயரக் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். கூரையை 3 அடி நீட்டுங்கள். ஜூன் நண்பகலில் எட்டரை அடி நிழல்: கண்ணாடி முழுக்க நிழலுக்குள். டிசம்பரில் ஒன்றேகால் அடி மட்டும் நிழல். மிச்சக் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து தளத்தில் படுக்கும். தளம் கல்லாகவோ கான்கிரீட்டாகவோ இருந்தால் பகலில் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் மெல்லத் திருப்பித் தரும். கண்ணாடியின் மேல் விளிம்பைக் கூரைக்கு ஓர் அடி கீழே நிறுத்தினால் குளிர்கால வெயில் இன்னும் முழுமையாகக் கிடைக்கும். கோடையில் அடியில் அரையடிக்கு வெயில் படும், அது ஒன்றும் பெரிதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. மார்ச் 21-க்கும் செப்டம்பர் 21-க்கும் சூரியனின் உயரம் ஒன்றேதான். மார்ச்சில் அங்கே பனி உருகியிருக்காது, வெயில் வேண்டும். செப்டம்பரில் இன்னும் வெக்கை இருக்கும், வெயில் வேண்டாம். கூரைக்கு மாதம் தெரியாது. மரத்துக்குத் தெரியும். மேப்பிள் போன்ற இலையுதிர் மரம் செப்டம்பரில் இலையோடு நிற்கும், மார்ச்சில் மொட்டையாக நிற்கும். தெற்கில் அப்படி ஒரு மரம் ஏற்கெனவே நின்றால் வீட்டை அதற்குத் தக்கபடி நகர்த்துங்கள்.

இதெல்லாம் ஏரி தெற்கில் இருந்தால். ஏரி மேற்கில் இருந்தால்? மனை விற்பவர் 'சூரிய அஸ்தமனக் காட்சி' என்று கூடுதல் விலை சொல்வார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் வரும்; 3 அடி அல்ல, 10 அடி நீட்டினாலும் கூரை அதைத் தடுக்காது. அதோடு நீர் இருக்கிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது நீர் மிகக் கொஞ்சம் ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். தாழத் தாழ நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்த நேரத்தில் உங்கள் கூடத்துக்கு இரண்டு சூரியன், ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து. கீழிருந்து வருவதற்குக் கூரை என்ன செய்யும்? மேற்கு ஏரிக்கு முழுநீளக் கண்ணாடி வேண்டாம். அளவான திறப்புகள், வெளிப்பக்கம் நெட்டுக்குத்தான மரப்பட்டைகள், முன்னால் வலையடித்த ஒரு தாழ்வாரம். கூடத்தைத் தெற்கு பார்க்க வைத்துவிட்டு, ஏரியை ஒரு மூலையில் பிடித்துக்கொள்வதே நல்லது.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். நமக்குக் குளிர்கால வெயில் தேவையே இல்லை. ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும்.

கண்ணாடி: அன்றும் இன்றும்

அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. இன்று இரண்டோ மூன்றோ அடுக்கு. நடுவில் ஆர்கான் வாயு. உள்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு. இதை லோ-ஈ கண்ணாடி என்பார்கள். வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது அந்தப் பூச்சின் வேலை. நல்ல இரட்டைக் கண்ணாடி வழியாக வெளியேறும் வெப்பம் ஒற்றைக் கண்ணாடியில் வெளியேறுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: லோ-ஈ பூச்சிலேயே வெயிலின் சூட்டை அதிகம் விடுவது, குறைவாக விடுவது என்று வகை உண்டு. தெற்குக்கு முதலாவது, மேற்குக்கு இரண்டாவது. வீடு முழுக்க ஒரே வகையை வாங்கிப் போட்டால், கூரை ஓரத்துக்குப் போட்ட கணக்கெல்லாம் பாதி வீண்.

பறவைகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏரிக்கரையில் பறவை அதிகம். பெரிய கண்ணாடியில் எதிர்க்கரை மரம் அப்படியே தெரியும். மரமென்று நினைத்து வந்து மோதும். கண்ணாடியின் வெளிமுகத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்னப் புள்ளிகள் இருந்தால் பெரும்பாலான பறவைகள் விலகிப் போகும். தூரத்திலிருந்து நமக்கு அந்தப் புள்ளிகள் அவ்வளவாகத் தெரிவதில்லை.

மிரர் ஏரிக்கரையில் 880 சதுர அடி

விஸ்கான்சினில் லேக் டெல்டன் என்ற ஊருக்கு அருகில் மிரர் லேக் இருக்கிறது. ஓர் ஓடையை அணைகட்டித் தேக்கி உண்டான ஏரி; அந்த வகையில் நம் ஊர் ஏரிக்குத் தூரத்துச் சொந்தம். அதன் மேட்டில், மரங்களுக்கு நடுவே, சேத் பீட்டர்சன் காட்டேஜ் நிற்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞருக்காக ஃபிராங்க் லாயிட் ரைட் 1958-இல் வரைந்தது. ரைட்டுக்கு அப்போது 90 வயதுக்கு மேல். அடுத்த ஆண்டே இறந்துபோனார். வீடு முடிந்து குடிபோவதற்குள் அந்த இளைஞரும் இறந்துபோனார். பிறகு மாநில அரசு வாங்கி, பல ஆண்டு பூட்டியே கிடந்து, உள்ளூர் மக்கள் கூடிச் சீரமைத்து 1992-இல் திறந்தார்கள்.

ரைட்டை மிட்-செஞ்சுரிக்காரர் என்று சொல்ல முடியாது, அவர் அந்தத் தலைமுறைக்குப் பெரியப்பா முறை. ஆனால் ஏரிக்கரை வீட்டுக்கு இதைவிடச் சின்ன, தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. மொத்தமே 880 சதுர அடி, ஒரே படுக்கையறை. நடுவில் கல்லால் எழுப்பிய ஒரு கனமான தொகுதி: முன்பக்கம் கணப்பு, பின்பக்கம் சமையல். உள்ளூர் மணற்கல். கூடத்தின் மேல் கூரை ஏரியை நோக்கி மேலே எழும்பும். தளத்தில் போட்ட பலகைக்கல் கண்ணாடிக்கு அடியில் புகுந்து வெளித் திண்ணையாகத் தொடரும். அந்தச் சின்ன வீட்டை அடைத்துக்கொண்டிருப்பது கல்தான். கண்ணாடிக்கு முதுகு கொடுக்க ஒரு கனம் வேண்டும். இல்லாவிட்டால் வீடு கடை மாதிரி ஆகிவிடும்.

இங்கே கூரை தட்டை இல்லை, சாய்வு என்பதையும் பாருங்கள். மிட்-செஞ்சுரி என்றாலே தட்டைக் கூரை என்ற எண்ணம் கலிஃபோர்னியா வெயிலில் பிறந்தது. பனி பெய்யும் ஊரில் தட்டைக் கூரையும் போடலாம். ஆனால் 'தட்டை' என்று சொன்னாலும் அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் இருந்தாக வேண்டும், பனிச்சுமையைத் தாங்கும் உத்தரம் வேண்டும், நீர்க்காப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். மொட்டை மாடி ஒழுகி மேஸ்திரியைத் தேடி அலைந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா லாஸ் ஏஞ்சலிஸின் சில்வர் லேக் நீர்த்தேக்கத்தைப் பார்த்த தன் வீட்டின் மாடித் தளத்தில் வேண்டுமென்றே மெல்லிய நீர்ப்பரப்பைத் தேக்கினார். மேலறையில் இருந்து பார்த்தால் ஏரியே காலடியில் தொடங்குவதுபோல் இருக்கும். அபாரமான யோசனை. நியூட்ராவாக இல்லாவிட்டால் செய்ய வேண்டாம்.

உத்தரம் உள்ளிருந்து கண்ணாடியைத் தாண்டி வெளியே நீள்வது இந்தப் பாணியின் அழகுகளில் ஒன்று. குளிர் நாட்டில் அதுவே ஓட்டை. எஃகு உத்தரமாக இருந்தால் வெளிக் குளிரை நேராக உள்ளே கொண்டுவரும். உள்ளே அதன்மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். ஒட்டுமர உத்தரம் போட்டால் பாதிப்பு மிகக் குறைவு. எஃகுதான் வேண்டுமென்றால் கண்ணாடி வரும் இடத்தில் உத்தரத்தைத் துண்டித்து, நடுவில் வெப்பத்தடைத் துண்டு வைத்து இணைப்பார்கள். பார்வைக்கு ஒரே உத்தரம்தான்.

எல்லா அறைக்கும் ஏரி வேண்டுமா

வேண்டாம் என்பது என் கட்சி. ஃபின்லாந்தில் பைன்னே ஏரித் தீவான முராட்சலோவில் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1952-53-இல் தனக்கென ஒரு கோடைவீடு கட்டினார். அப்போது படகில்தான் போக வேண்டும். படகையும் அவரே வடிவமைத்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டி கட்ட ஆசைப்பட எல்லாக் காரணமும் இருந்த இடம். அவர் கட்டியது உயரமான செங்கல் சுவர் சூழ்ந்த ஒரு முற்றம். நடுவில் நெருப்புக் குழி. சுவரில் பலவகைச் செங்கலையும் ஓடுகளையும் ஏறத்தாழ ஐம்பது விதமாக அடுக்கிப் பரிசோதனை. சுவரில் விட்ட பெரிய திறப்பு வழியாக மட்டும் ஏரி தெரியும். பாக்கு வெற்றிலைத் தட்டில் வைத்ததுபோல், ஏரியை அளவாக எடுத்து வைத்தார்.

இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகில் தெத்துவ ஏரிக்கரையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் வாங்கிப் பல பத்தாண்டுகள் செதுக்கிய லுணுகங்கவிலும் இதே புத்தி. வீட்டிலிருந்து பார்த்தால் எதிரே ஒரு மேடு நீரை மறைத்தது. வீட்டை உயர்த்தவில்லை, மேட்டைத் தாழ்த்தினார். அப்புறம் பார்வை ஒரே ஓட்டமாக ஓடிவிடாமல் நடுவழியில், ஒரு மரத்தடியில், பெரிய சாடி ஒன்றை வைத்தார். கண் அதில் ஒரு கணம் நின்று, பிறகுதான் ஏரிக்குப் போகும்.

ஆகவே வீட்டைப் பிரிக்கும்போது: சாலைப் பக்கம் மூடிய முகம், சின்ன ஜன்னல், தாழ்ந்த வாசல். நுழைந்ததும் ஏரி தெரிய வேண்டாம். நாலு அடி நடந்து திரும்பும்போது தெரியட்டும். கூடமும் சாப்பாட்டு மேசையும் ஏரிப் பக்கம். குளியலறை, துவைக்கும் இடம், ஈரக்காலோடு வந்து செருப்பையும் துண்டையும் கழற்றிப் போடும் அறை எல்லாம் சாலைப் பக்கம். அந்த ஈர அறையைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பெரிதாக வையுங்கள், ஏரி வீட்டில் எல்லோரும் எப்போதும் நனைந்திருப்பார்கள்.

பலரும் கட்டி முடித்த பிறகு கண்டுபிடிக்கும் சங்கதி ஒன்று இருக்கிறது: கைப்பிடிச் சுவர். பல அமெரிக்க ஊர்களின் கட்டட விதிப்படி, வெளித்தளம் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் 36 அங்குலக் கைப்பிடி கட்டாயம். நின்றால் தெரியாது, உள்ளே தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். ஏரி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருக்கும். வெளித்தளத்தை ஒரே மட்டத்தில் நீட்டாமல், சரிவோடு படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியையும் அந்த 30 அங்குலத்துக்குள் வைத்தால் கைப்பிடியே தேவைப்படாது. இந்தப் பாணியின் நாற்காலிகள் தாழ்ந்தவை என்பதால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

நாற்காலி, நம் ஊர் வழியாக

மரச்சாமான்கள் பற்றிக் கொஞ்சம் சொன்னால் போதும். தேக்கு, வால்நட், மெல்லிய கால்கள், கம்பளித் துணி. அந்தக் காலத்துப் பெயர் பெற்ற நாற்காலி ஒன்றோ இரண்டோ போதும்; வீடு முழுக்க வாங்கினால் அருங்காட்சியகம்.

ஆனால் ஒரு தொடர்பைச் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்க மிட்-செஞ்சுரி மரவேலையில் பெரிய பெயர் ஜார்ஜ் நகாஷிமா. விளிம்பைச் சீவாமல் மரத்தின் இயல்பான ஓரத்தோடு மேசை செய்தவர். அவர் இளைஞராக வந்து வேலை பார்த்த இடம் புதுச்சேரி. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்ட் விடுதியின் கட்டுமானம் 1937-இல் தொடங்கியது. களத்தில் நின்று கவனித்தவர்களில் நகாஷிமா ஒருவர். அங்கே அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டடத்தின் நீண்ட முகங்களில் கண்ணாடியே முக்கியமில்லை. முகம் முழுக்கத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பட்டைகள்: காற்று வரும், மழையும் வெயிலும் வராது, வெளியே தோட்டம் பட்டை பட்டையாகத் தெரியும். வெப்ப நாட்டில் நீர்க்கரை வீடு கட்டுகிறவர் கலிஃபோர்னியாவை விட்டுவிட்டு முதலில் இதைப் போய்ப் பார்க்கலாம்.

மறுபடியும் இரவு

தொடக்கத்தில் சொன்ன முகம் பார்க்கும் கண்ணாடிச் சிக்கலுக்கு 1949-லேயே விடை தேடினார்கள். அமெரிக்காவின் நியூ கேனனில் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன் தன் கண்ணாடி வீட்டில் குடியேறியதும் ராத்திரியில் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி வீட்டுக்குள் விளக்கைக் கூட்டவில்லை. வெளியே மரங்களுக்கு விளக்கு போட்டார், உள்ளே குறைத்தார். இரண்டு பக்கத்து வெளிச்சமும் நெருங்கி வந்ததும் கண்ணாடி மறைந்து தோட்டம் தெரிந்தது.

ஏரிக்கரையில் இதை அடக்கமாகச் செய்ய வேண்டும். நீரின் மேல் விளக்கடித்தால் அக்கரைக்காரர் சும்மா இருக்க மாட்டார், பூச்சிகளும் கூடும். கூரை ஓரத்தின் அடியில் மங்கலாக, கீழ்நோக்கி நாலைந்து விளக்கு, திண்ணைக் கல்லில் மட்டும் படும்படி. உள்ளே கூரை விளக்கு வேண்டாம். மேசை விளக்கு, கண்மட்டத்துக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். இந்த வயரிங்கைச் சுவர் பூசிய பிறகு கேட்டால் எலெக்ட்ரீஷியன் சிரிப்பார். கூரை வரையும்போதே குறித்துவிட வேண்டும்.

சேத் பீட்டர்சன் காட்டேஜை இரவு தங்க வாடகைக்குத் தருகிறார்கள். வாய்ப்பிருந்தால் ஓர் அளவுநாடாவோடு போங்கள். கூரை எவ்வளவு வெளியே நீள்கிறது, கண்ணாடி எங்கே முடிகிறது, உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இருட்டியதும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எத்தனையாவது விளக்கில் வெளியே மரம் தெரியத் தொடங்குகிறது, எத்தனையாவதில் ஏரி என்று எண்ணுங்கள்.